தொலைத்தாலும் தோற்றாலும் இழந்தாலும் ‘லூஸ்’: ஓர் ஆங்கில வினைச்சொல்லைப் பிழையில்லாமல் எழுத

சாவி காணாமல் போனாலும், ஆட்டத்தில் தோற்றாலும், வேலை பறிபோனாலும், உடம்பு இளைத்தாலும், வழி தவறினாலும், பொறுமை கெட்டாலும் ஆங்கிலத்தில் ஒரே வினைதான்: ‘லூஸ்’. எல், ஓ, எஸ், இ என்று நான்கே எழுத்து. ஆங்கிலத்தில் எழுதத் தொடங்குபவர்கள் அடிக்கடி தடுக்கி விழும் சொல்லும் இதுதான்.

பிழை மூன்று இடங்களில் வருகிறது. முதலாவது எழுத்து: ஓர் ‘ஓ’ கூடிவிடுகிறது. இரண்டாவது எழுவாய்: ‘என் போன் தொலைந்துவிட்டது’ என்று தமிழில் ஓடும் வாக்கியத்தை அதே வரிசையில் ஆங்கிலத்தில் இறக்கிவிடுகிறோம். மூன்றாவது, மிஸ், ஃபெயில், ரெட்யூஸ் போன்ற பக்கத்து வீட்டுச் சொற்கள் இதன் இடத்தில் வந்து உட்கார்ந்துவிடுகின்றன. பலரும் முதல் பிழையைத்தான் பெரிதாகப் பேசுகிறார்கள். உண்மையில் இரண்டாவதுதான் கூடுதல் சேதம் செய்கிறது. எழுத்து பிசகினால் படிப்பவர் ஊகித்துக்கொள்வார். எழுவாய் பிசகினால் பொருளே வேறாகிவிடும்.

ஒரு சிறு ஏற்பாடு. இன்னொரு ‘லூஸ்’ இருக்கிறது: எல், ஓ, ஓ, எஸ், இ. தளர்வான என்று பொருள். தமிழ் எழுத்தில் இரண்டும் ஒன்றுபோலத் தெரிவதால், கீழே வெறும் ‘லூஸ்’ என்று வந்தால் அது ஒற்றை ‘ஓ’ வினை. மற்றதை ‘இரட்டை ஓ லூஸ்’ என்றே குறிப்பிடுகிறோம்.

படி 1: எழுத்தையும் ஒலியையும் பிரித்துக்கொள்ளுங்கள்

தமிழர்களுக்கு இந்தக் குழப்பம் கூடுதலாக வருவதற்குக் காரணம் உண்டு. நம் பேச்சுத் தமிழில் ஏற்கெனவே ஒரு லூஸ் புழங்குகிறது: ‘சட்டை லூஸாக இருக்கிறது’, ‘போல்ட் லூஸாகிவிட்டது’. அது இரட்டை ஓ லூஸ். காதில் முதலில் பதிந்தது அதுவே என்பதால் கையும் அதையே தட்டுகிறது.

ஆங்கிலத்தின் எழுத்து முறையும் நமக்கு உதவுவதில்லை. நோஸ், ரோஸ், தோஸ், ஹோஸ் எல்லாம் ‘ஓ, எஸ், இ’ என்று முடிபவை. எல்லாவற்றிலும் ‘ஓ’ ஒலி. அதே முடிவு கொண்ட லூஸிலோ ‘ஊ’ ஒலிக்கிறது. இந்தச் சொல்லுக்குச் சரியான துணை ‘ஹூஸ்’, அதாவது ‘யாருடைய’. அதுவும் ஒற்றை ‘ஓ’, அதே ‘ஊ’, அதே அதிரும் முடிவு. மூவ், ப்ரூவ் ஆகியவற்றிலும் ஒற்றை ‘ஓ’ இப்படித்தான் ஒலிக்கிறது. நம்மைக் கெடுப்பது ‘சூஸ்’, அதாவது ‘தேர்ந்தெடு’ என்ற வினை. லூஸைப் போலவே ஒலிக்கும், ஆனால் இரட்டை ‘ஓ’ போட்டு எழுத வேண்டும். அதன் இறந்தகாலமான ‘சோஸ்’ ஒற்றை ‘ஓ’. சூஸின் வாய்பாட்டை லூஸுக்குப் போடுபவர்கள் நிகழ்காலத்துக்கு இரட்டை ‘ஓ’ வேண்டும் என்று நினைத்துவிடுகிறார்கள். ஆகவே சூஸோடு சேர்த்துப் படிக்காதீர்கள். ஹூஸோடு சேர்த்துப் படியுங்கள்.

ஒலியில் வேறுபாடு கடைசி மெய்யில் இருக்கிறது. இரண்டு விரல்களைக் குரல்வளையின் மேல் வையுங்கள். ‘லூ’ என்று தொடங்கி, முடிவொலியை இரண்டு மூன்று விநாடி இழுத்துப் பாருங்கள். ஒற்றை ஓ லூஸில் தேனீயின் ரீங்காரம் போல ஒலி எழுந்து தொண்டை அதிர வேண்டும். இரட்டை ஓ லூஸில் அதிர்வு நின்று காற்று மட்டும் வெளியேற வேண்டும். இன்னொன்றையும் கவனியுங்கள்: அதிரும் ஒலிக்கு முன்னால் உயிரொலி சற்று நீளும். ஒற்றை ‘ஓ’ எழுதும் சொல்லில்தான் ‘ஊ’ அதிக நேரம் நிற்கிறது. கண்ணுக்கும் காதுக்கும் இது முரணாகத் தோன்றும், பழகினால் அதுவே நினைவுக்குறி ஆகிவிடும். தமிழ் எழுத்தில் இந்த இரண்டு முடிவொலிக்கும் ‘ஸ்’ ஒன்றுதான் என்பதால், தமிழில் எழுதிவைத்து மனப்பாடம் செய்தால் வேறுபாடு பிடிபடாது. காதால்தான் பிடிக்க வேண்டும்.

வடிவங்கள் இவை:

அடிப்படை வடிவம் லூஸ்: எல், ஓ, எஸ், இ.
ஹீ, ஷீ, இட் ஆகியவற்றோடு லூஸஸ்: கடைசியில் ஓர் எஸ் கூடும், உச்சரிப்பில் இரண்டு அசை.
தொடர் வடிவம் லூஸிங்: ‘இ’ விழுந்துவிடும், எல், ஓ, எஸ், ஐ, என், ஜி.
இறந்தகாலமும் மூன்றாம் வடிவமும் லாஸ்ட்: எல், ஓ, எஸ், டி. இரண்டுக்கும் ஒரே வடிவம். ‘லூஸ்ட்’, ‘லாஸ்டட்’ என்று எதுவும் கிடையாது.
பெயர்ச்சொல் லாஸ்: எல், ஓ, எஸ், எஸ்.
தோற்பவர் லூஸர்: எல், ஓ, எஸ், இ, ஆர்.

இரட்டை ஓ லூஸ் பெரும்பாலும் பெயரடை. தளர்த்து என்று வினையாகச் சொல்ல வேண்டுமானால் ‘லூஸன்’ இருக்கிறது. திருகாணியை, முடிச்சை, கழுத்துப்பட்டையைத் தளர்த்துவதெல்லாம் லூஸன்தான். இரட்டை ஓ லூஸையே வினையாக்கி ‘அம்பை விடு’, ‘அவிழ்த்துவிடு’ என்ற பொருளில் எழுதுவதும் உண்டு, ஆனால் அரிது. அந்த அரிய வழக்கு இருப்பதால்தான் இரட்டை ‘ஓ’ போட்ட லூஸிங்கையும் பிழைதிருத்தும் மென்பொருள் பல நேரம் கண்டுகொள்ளாமல் விட்டுவிடுகிறது. இரட்டை ‘ஓ’ போட்ட லூஸர் என்பதும் ‘இன்னும் தளர்வான’ என்ற பொருளில் முறையான சொல்லே. சிவப்புக் கோடு விழவில்லை என்பதால் சரி என்று நினைக்க வேண்டாம்.

எது வேண்டும் என்று சந்தேகம் வந்தால், அந்த இடத்தில் ‘டைட்’ என்ற சொல்லைப் போட்டுப் பாருங்கள். பொருந்தினால் இரட்டை ‘ஓ’. பொருந்தாவிட்டால் ஒற்றை. ‘டு’, ‘வில்’, ‘கேன்’, ‘டோன்ட்’ ஆகியவற்றுக்குப் பின்னால் வருவது ஏறக்குறைய எப்போதும் ஒற்றை ‘ஓ’ வினையாகத்தான் இருக்கும். ‘ஐ வான்ட் டு லூஸ் வெய்ட்’ என்பதில் டைட் பொருந்தவில்லை. எனவே ஒற்றை ‘ஓ’.

படி 2: எதிர்ச்சொல்லை முதலில் தீர்மானியுங்கள்

லூஸுக்கு ஒரே எதிர்ச்சொல் இல்லை. மூன்று இருக்கின்றன, அவற்றை வைத்தே பொருளைப் பிரித்துவிடலாம்.

‘ஃபைண்ட்’ எதிராக வந்தால், நீங்கள் சொல்வது தொலைத்தல்: சாவி, பணப்பை, வழி, படித்துக்கொண்டிருந்த பக்கம்.
‘வின்’ எதிராக வந்தால், தோற்றல்: ஆட்டம், தேர்தல், வழக்கு, வாக்குவாதம், பந்தயம்.
‘கெயின்’ அல்லது ‘கீப்’ எதிராக வந்தால், இழத்தல்: வேலை, எடை, பார்வை, நம்பிக்கை, நிதானம்.

இந்தப் பிரிவைச் செய்துகொண்டால் அடுத்து வரும் சொற்கள் தாமாக அமையும். தோற்றலுக்கு ‘டு’ வேண்டும், ‘பை’ வேண்டும். இழத்தலில் சிலவற்றுக்கு ‘மை’, ‘ஹிஸ்’, ‘ஹெர்’ கட்டாயம். கடிகாரம் தாமதமாக ஓடுவதையும் இந்த மூன்றாம் வகையில் சேர்க்கலாம்: ‘மை வாட்ச் லூஸஸ் ஃபைவ் மினிட்ஸ் எ டே’ என்றால் நாளுக்கு 5 நிமிடம் பின்தங்குகிறது. முந்தி ஓடினால் ‘கெயின்ஸ்’.

படி 3: இழந்தவரை எழுவாயாக வையுங்கள்

இந்தப் படியில் நிதானமாக நில்லுங்கள். தமிழில் தொலைத்தல், தொலைதல் என்று இரட்டை வினைகள் இருக்கின்றன. ‘நான் போனைத் தொலைத்தேன்’ என்றும் சொல்லலாம், ‘போன் தொலைந்தது’ என்றும் சொல்லலாம். இரண்டாவதையே நாம் அதிகம் சொல்கிறோம். அதில் பழி யார் மேலும் விழுவதில்லை. எடை குறைந்தது, முடி கொட்டுகிறது, பணம் போய்விட்டது, நம்பிக்கை போய்விட்டது, பேச்சு நின்றுவிட்டது என்று நம் வாக்கியங்களில் போன பொருளே எழுவாயாக நிற்கும். ஆள் ‘எனக்கு’, ‘அவருக்கு’ என்று ஓரமாக நிற்பார்.

லூஸ் இதற்கு நேர் எதிராக நடக்கும். இழந்தவர் எழுவாய், இழந்தது செயப்படுபொருள். போன பொருளை எழுவாயாக்கி ‘மை போன் லாஸ்ட்’ என்று எழுதினால், செயப்படுபொருள் இல்லாத லூஸுக்குத் தோற்றல் என்ற பொருள்தான் முன்னால் வரும். போன் ஏதோ போட்டியில் தோற்றதாக ஆகிவிடும்.

மாற்றிப் பார்க்கலாம்.

என் போன் தொலைந்துவிட்டது. தவறு: ‘மை போன் லாஸ்ட்’. சரி: ‘ஐ லாஸ்ட் மை போன்’.
எனக்கு 3 கிலோ எடை குறைந்தது. தவறு: ‘மை வெய்ட் லாஸ்ட் த்ரீ கிலோஸ்’. சரி: ‘ஐ லாஸ்ட் த்ரீ கிலோஸ்’.
அவருக்கு முடி கொட்டுகிறது. தவறு: ‘ஹிஸ் ஹேர் இஸ் லூஸிங்’. சரி: ‘ஹீ இஸ் லூஸிங் ஹிஸ் ஹேர்’.
அவளுக்கு வேலை போய்விட்டது. தவறு: ‘ஹெர் ஜாப் லாஸ்ட்’. சரி: ‘ஷீ லாஸ்ட் ஹெர் ஜாப்’.
எங்களுக்கு நிறையப் பணம் போயிற்று. தவறு: ‘அவர் மனி லாஸ்ட் எ லாட்’. சரி: ‘வீ லாஸ்ட் எ லாட் ஆஃப் மனி’.

உங்கள் தமிழ் வாக்கியத்தில் ‘எனக்கு’, ‘அவருக்கு’, ‘எங்களுக்கு’ என்று நான்காம் வேற்றுமை இருந்தால், ஆங்கிலத்தில் அந்த ஆளே எழுவாய்.

பழியை ஏற்க விருப்பமில்லை, அல்லது யார் தொலைத்தார் என்று தெரியவில்லை. அப்போது பொருளை எழுவாயாக வைக்கவும் வழி இருக்கிறது. ஆனால் ‘லாஸ்ட்’டுக்கு முன்னால் ‘இஸ்’, ‘வாஸ்’, ‘காட்’ போன்ற துணை வேண்டும். ‘தி ஃபைல் வாஸ் லாஸ்ட்’, ‘தி லெட்டர் காட் லாஸ்ட் இன் தி போஸ்ட்’. இன்னும் இயல்பாகச் சொல்ல ‘மை போன் இஸ் மிஸிங்’ இருக்கிறது. காணவில்லை, இன்னும் தேடிக்கொண்டிருக்கிறேன் என்ற தொனி அதில் கிடைக்கும். யாரையும் குற்றம் சாட்டாமல் புகார் எழுத இதுவே பொருத்தம்.

மூன்றாவதாக ஓர் அமைப்பும் உண்டு. ஒரு செயல் ஒருவருக்கு இழப்பைத் தந்தது என்று சொல்ல ‘தட் மிஸ்டேக் லாஸ்ட் அஸ் தி மேட்ச்’ என்று இரண்டு செயப்படுபொருள்களோடு எழுதலாம். இலக்கணப்படி சரிதான். ஆனால் அதே இடத்தில் ‘காஸ்ட் அஸ் தி மேட்ச்’ என்பதே அதிகம் புழங்குகிறது. தொடக்கநிலையில் இருப்பவர்கள் ‘காஸ்ட்’டைப் பிடித்துக்கொள்வது நல்லது.

படி 4: தோல்வியைச் சொல்லும்போது முன்னிடைச்சொற்களைக் கவனியுங்கள்

‘அவர்களிடம் தோற்றோம்’ என்பதில் வரும் ‘இடம்’ நம்மை ‘ஃப்ரம்’ பக்கம் இழுக்கும். அது தவறு. ‘வீ லாஸ்ட் டு தெம்’ என்று ‘டு’ போட வேண்டும். ‘அகெய்ன்ஸ்ட்’ போட்டாலும் தவறில்லை. எத்தனை வித்தியாசத்தில் என்பதற்கு ‘பை’: ‘வீ லாஸ்ட் பை டூ கோல்ஸ்’. முடிவெண்ணை மட்டும் சொன்னால் முன்னிடைச்சொல்லே வேண்டாம்: ‘வீ லாஸ்ட் த்ரீ ஒன்’.

எதையும் இடையில் வைக்காமல் ‘வீ லாஸ்ட் தெம்’ என்று எழுதிவிட்டால் அவர்களைக் கூட்டத்தில் தவறவிட்டோம் என்றோ, அவர்கள் இறந்துவிட்டார்கள் என்றோ பொருள் ஆகிவிடும். ஒரு ‘டு’ விடுபட்டதால் விளையாட்டுச் செய்தி இரங்கல் செய்தியாக மாறுகிறது.

இதன் மறுபக்கத்திலும் ஒரு பள்ளம் உண்டு. வெற்றியைச் சொல்ல ‘வின்’ என்றால் ஆட்டத்தை வெல்வது, எதிரணியை அல்ல. ‘வீ வன் தி மேட்ச்’ சரி. எதிரணியைத் தோற்கடித்தோம் என்றால் ‘வீ பீட் தெம்’. ஆக, ‘வீ லாஸ்ட் டு தெம்’ என்பதும் ‘தே பீட் அஸ்’ என்பதும் ஒரே செய்தியின் இரண்டு பக்கம்.

தேர்வில் தோல்வி இந்தக் கணக்கில் வராது. தேர்வுக்கு எதிராளி இல்லை. ‘ஐ லாஸ்ட் தி எக்ஸாம்’ என்றால் விடைத்தாளைத் தொலைத்தது போலக் கேட்கும். ‘ஐ ஃபெயில்ட் தி எக்ஸாம்’ என்று எழுதுங்கள்.

படி 5: கூட்டுத்தொடர்களை மொத்தமாகப் பிடியுங்கள்

நிதானம், நம்பிக்கை, ஆர்வம் போன்றவற்றோடு லூஸ் சேரும்போது எந்த இடத்தில் ‘மை’ வேண்டும், எங்கே வேண்டாம், பின்னால் ‘இன்’னா ‘ஆஃப்’பா என்பதற்கு முழுமையான விதி கிடையாது. தனிச்சொல்லாகப் படித்தால் ஒவ்வொரு முறையும் யோசிக்க வேண்டிவரும். தொடராகவே நாக்கில் ஏற்றிக்கொள்ளுங்கள்.

‘மை’, ‘ஹிஸ்’, ‘ஹெர்’ போன்ற உடைமைச்சொல் தேவைப்படுபவை: லூஸ் மை டெம்பர் (கோபத்தில் நிதானம் இழத்தல்), லூஸ் மை வே (வழி தவறுதல்), லூஸ் மை பேலன்ஸ் (தடுமாறுதல்), லூஸ் மை வாய்ஸ் (தொண்டை கட்டிப் பேச முடியாமல் போதல்), லூஸ் மை அப்படைட் (பசி எடுக்காமல் போதல்), லூஸ் மை மைண்ட் (புத்தி பேதலித்தல்).

எதுவும் வேண்டாதவை: லூஸ் ஹோப், லூஸ் வெய்ட், லூஸ் கான்ஷியஸ்னஸ் (மயக்கமடைதல்), லூஸ் ஃபேஸ் (நாலு பேர் முன்னால் மதிப்பு இழத்தல்), லூஸ் ஹார்ட் (மனம் தளர்தல்). கடைசித் தொடரில் உடைமைச்சொல் நுழைந்து, பின்னால் ‘டு’வும் சேர்ந்து ‘லூஸ் மை ஹார்ட் டு’ ஆகிவிட்டால் காதல் வயப்படுதல் என்று பொருள் மாறிவிடும். மனம் தளர்ந்ததை எழுதப்போய் காதல் கடிதம் எழுதிவிடாதீர்கள்.

பின்னால் ‘ஆஃப்’ வருபவை: லூஸ் கவுண்ட் ஆஃப் (எண்ணிக்கை விட்டுப்போதல்), லூஸ் சைட் ஆஃப் (பார்வையிலிருந்தோ கவனத்திலிருந்தோ நழுவவிடுதல்), லூஸ் ட்ராக் ஆஃப் டைம் (நேரம் போனது தெரியாமல் இருத்தல்), லூஸ் கன்ட்ரோல் ஆஃப்.

‘இன்’ வருபவை: லூஸ் இன்ட்ரஸ்ட் இன், லூஸ் ஃபெய்த் இன், லூஸ் கான்ஃபிடன்ஸ் இன். ‘வித்’ வருவது: லூஸ் டச் வித் (தொடர்பு விட்டுப்போதல்). பொறுமைக்கும் ஆளைச் சொல்ல ‘வித்’தான்: லூஸ் பேஷன்ஸ் வித் ஹிம்.

ஒரு நாளைக்கு மூன்று தொடர் போதும். ஒவ்வொன்றையும் உங்கள் வாழ்க்கையில் உண்மையாக நடந்த ஒன்றை வைத்து ஒரு வாக்கியமாக எழுதுங்கள். கற்பனை வாக்கியங்கள் மறந்துபோகும்.

படி 6: பக்கத்துச் சொற்களோடு எல்லை போடுங்கள்

மிஸ் முதலில். பேச்சுத் தமிழில் ‘மோதிரத்தை மிஸ் பண்ணிட்டேன்’ என்றால் தொலைத்துவிட்டேன் என்று அர்த்தம். ஆங்கிலத்தில் ‘ஐ மிஸ்ட் மை ரிங்’ என்றால் மோதிரம் இல்லாத ஏக்கம் அல்லது அது இல்லை என்பதைக் கவனித்த கணம். தொலைத்ததைச் சொல்ல ‘லாஸ்ட்’தான் வேண்டும். நேரத்துக்கு எட்டாமல் தவறவிட்டவற்றுக்கு மிஸ்: பேருந்து, ரயில், வகுப்பு. ‘ஐ லாஸ்ட் தி பஸ்’ என்றால் பேருந்து உங்களுடையது, அது இப்போது இல்லை. வாய்ப்புக்கு இரண்டும் வரும், பொருளில் நூலிழை வேறுபாடு: கைக்கு எட்டியும் பயன்படுத்தாமல் விட்டால் ‘மிஸ்ட் தி சான்ஸ்’, கையில் இருந்த வாய்ப்பு பறிபோனால் ‘லாஸ்ட் தி சான்ஸ்’.

அடுத்து லீவ். குடையை வண்டியில் வைத்துவிட்டு இறங்கிவிட்டீர்கள், எங்கே இருக்கிறது என்று தெரியும். அது தொலைத்தல் ஆகாது. ‘ஐ லெஃப்ட் மை அம்ப்ரெல்லா ஆன் தி பஸ்’. எங்கே போயிற்று என்று தெரியாதபோதுதான் ‘லாஸ்ட்’. இடத்தைக் குறிப்பிட்டு ‘ஃபர்காட்’ எழுதுவதும் பலருக்குப் பழக்கம். அங்கேயும் ‘லெஃப்ட்’ சரியானது.

எடைக்கு ‘ரெட்யூஸ்’ போட்டு ‘ஐ ரெட்யூஸ்ட் ஃபைவ் கிலோஸ்’ என்று எழுதுவதை நிறையப் பார்க்கிறோம். ‘ஐ லாஸ்ட் ஃபைவ் கிலோஸ்’ என்பதே இயல்பு. ரெட்யூஸ் என்பது செலவு, வேகம், சத்தம், சர்க்கரை அளவு என்று நாம் திட்டமிட்டுக் குறைப்பவற்றுக்கு.

நஷ்டம் என்ற சொல்லை நேராக இறக்கி ‘இட் பிகேம் லாஸ்’, ‘ஐ காட் லாஸ்’ என்று எழுத வேண்டாம். ‘ஐ லாஸ்ட் மனி ஆன் இட்’ என்று வினையாகவே சொல்லலாம். நிறுவனத்துக்கு என்றால் ‘தி கம்பெனி மேட் எ லாஸ்’ அல்லது ‘இஸ் ரன்னிங் அட் எ லாஸ்’. இதே ‘அட் எ லாஸ்’ ஓர் ஆளுக்கு வந்தால் பணத்தோடு தொடர்பே இருக்காது. ‘ஐ ஆம் அட் எ லாஸ்’ என்றால் என்ன செய்வதென்று தெரியவில்லை, கை பிசைந்து நிற்கிறேன் என்று பொருள். ‘அட் எ லாஸ் ஃபார் வர்ட்ஸ்’ என்றால் சொல்ல வார்த்தை வரவில்லை.

படி 7: காலம்

‘ஐ ஹேவ் லாஸ்ட் மை கீஸ்’ என்றால் சாவி இன்னும் கிடைக்கவில்லை. ‘ஐ லாஸ்ட் மை கீஸ் யெஸ்டர்டே’ என்பது நேற்று நடந்ததைச் சொல்கிறது. பிறகு கிடைத்திருக்கலாம், கிடைக்காமலும் இருக்கலாம். ‘யெஸ்டர்டே’, ‘லாஸ்ட் வீக்’ போன்று முடிந்த நேரத்தைச் சொன்னால் ‘ஹேவ்’ கூடாது.

‘டிட்’, ‘டிட்ன்ட்’ வந்துவிட்டால் இறந்தகாலம் அவற்றுக்குள்ளேயே இருக்கிறது. ‘ஐ டிட்ன்ட் லாஸ்ட்’ தவறு, ‘ஐ டிட்ன்ட் லூஸ்’ சரி.

தொடர் வடிவத்தில் ஒரு கட்டுப்பாடு உண்டு. சாவி தொலைவது ஒரு நொடியில் நடந்து முடிவது. ஒரே ஒரு முறை நடந்ததற்கு ‘ஐ ஆம் லூஸிங் மை கீஸ்’ பொருந்தாது. எடை, முடி, ரத்தம், பொறுமை, நடந்துகொண்டிருக்கும் ஆட்டம் எனச் சிறிது சிறிதாகப் போவதற்கு லூஸிங் சரி. அடிக்கடி தொலைக்கும் பழக்கத்தை அலுப்போடு சொல்ல ‘ஐ ஆம் ஆல்வேஸ் லூஸிங் மை கீஸ்’ என்று ‘ஆல்வேஸ்’ சேர்த்துச் சொல்லலாம்.

படி 8: ஆட்களிடம் பேசும்போது

‘ஷீ லாஸ்ட் ஹெர் ஃபாதர் லாஸ்ட் இயர்’ என்றால் அவர் தந்தை கடந்த ஆண்டு காலமானார். ‘இறந்தார்’ என்று நேராகச் சொல்லாமல் மென்மையாகச் சொல்லும் வழக்கு இது, பெரும்பாலும் உயிருள்ளவரின் துயரத்தை முன்வைத்துப் பேசுவது. ஆறுதல் சொல்ல ‘ஐ ஆம் சாரி ஃபார் யுவர் லாஸ்’ என்று எழுதுவார்கள். இங்கே வருவது பெயர்ச்சொல், இரண்டு எஸ். அவசரத்தில் இதே இடத்தில் ‘லூஸ்’ என்று தட்டிவிடுபவர்கள் நிறையப் பேர். துக்கத்தில் இருப்பவருக்கு அனுப்பும் ஒற்றை வரியில் பிழை இருப்பது உறுத்தும். அனுப்புமுன் ஒருமுறை பார்த்துவிடுங்கள். விபத்துச் செய்தியில் பலர் உயிரிழந்ததை எழுதினால் ‘லாஸ்ட் தேர் லைவ்ஸ்’ என்று உயிரும் பன்மையாக வேண்டும்: எல், ஐ, வி, இ, எஸ்.

‘வீ காட் லாஸ்ட்’ என்றால் வழி தவறிவிட்டோம். எந்தத் தவறும் இல்லாத வாக்கியம். எழுவாயை எடுத்துவிட்டு ‘கெட் லாஸ்ட்’ என்று ஒருவரைப் பார்த்துச் சொன்னால் ‘தொலைந்து போ’ என்ற வசை. வழி தவறியதை ‘ஐ லாஸ்ட்’ என்று மட்டும் சொன்னாலும் புரியாது. அதற்குத் தோற்றேன் என்று பொருள். ‘ஐ ஆம் லாஸ்ட்’ என்றால் வழி தெரியவில்லை. வகுப்பில் சொன்னால் பாடம் புரியவில்லை. ஒருவர் விளக்கிக்கொண்டிருக்கும்போது ‘யூ ஹேவ் லாஸ்ட் மீ’ என்று நீங்கள் சொன்னால், ‘நீங்கள் சொல்வதைப் பின்தொடர முடியவில்லை’ என்று அர்த்தம். மரியாதைக் குறைவு எதுவும் இல்லை, தயங்காமல் சொல்லலாம். லூஸர் அப்படி அல்ல. போட்டியில் தோற்றவரைக் குறிக்க அது பயன்பட்டாலும், முகத்துக்கு நேராகச் சொன்னால் உருப்படாதவன் என்ற ஏச்சு. தோற்ற அணியைக் குறிக்க ‘தி லூஸிங் டீம்’ பாதுகாப்பானது.

படி 9: எழுதி முடித்தபின்

பிழைதிருத்தும் மென்பொருள் சொல் இருக்கிறதா என்று முதலில் பார்க்கும். இரண்டு லூஸும் அகராதியில் இருப்பவை என்பதால் இங்கே அதை முழுதாக நம்ப முடியாது. கைவேலையாகச் செய்யுங்கள். தேடும் பெட்டியில் எல், ஓ, ஓ, எஸ் என்ற நான்கு எழுத்தை மட்டும் தட்டுங்கள். இரட்டை ‘ஓ’ போட்ட எல்லா வடிவங்களும் வந்து நிற்கும். ஒவ்வொன்றிலும் டைட் சோதனையைச் செய்யுங்கள். லூஸன், லூஸ்லி, கம் லூஸ் (கழன்றுவருதல்), ப்ரேக் லூஸ் (பிய்த்துக்கொண்டு விடுபடுதல்) போன்றவை இரட்டை ‘ஓ’வாகவே இருக்க வேண்டும், அவற்றைத் தொட வேண்டாம். இரட்டை ‘ஓ’ லூஸிங் கண்ணில் பட்டால், அம்பு எய்வதைப் பற்றியோ நாயை அவிழ்த்துவிடுவதைப் பற்றியோ நீங்கள் எழுதியிருந்தால் ஒழிய, ஓர் ‘ஓ’வை அழித்துவிடலாம்.

பிறகு ‘எல், ஓ, எஸ், டி’ தேடுங்கள். ஒவ்வொரு லாஸ்ட்டுக்கும் இடப்பக்கம் யார் இருக்கிறார் என்று பாருங்கள். ஆளோ, அணியோ, நிறுவனமோ இருந்தால் நகருங்கள். போன், பணம், எடை, முடி, கோப்பு போன்ற பொருள் இருந்தால் நடுவில் ‘இஸ்’, ‘வாஸ்’, ‘காட்’ போன்ற ஒன்று இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் வாக்கியத்தைத் திருப்பி, இழந்தவரை முன்னால் கொண்டுவாருங்கள்.